தம்பியோட 36 மாசம்

எங்கம்மா 31 வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு 50 வயசுல வேலைய விட்டு நின்னாங்க. ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதிக் காசு மொத்தமா கைக்கு வந்துச்சு. மாசாமாசம் அவங்க சம்பளத்துல 8 வீதம், தோட்டத்துக்காரங்க போட்ட 12 வீதம், அதுக்கு வட்டி எல்லாம் சேர்ந்து அவ்வளவு காசு எங்க லயத்து வீட்டுக்குள்ள அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல பின்னாடியும் வந்ததில்ல. அடகு வச்ச நகைய மீட்டோம், கூரைத் தகரம் மாத்தினோம், மாமாவுக்குக் கடன் குடுத்தோம், என் கல்யாணச் செலவு, அப்படியே நாலு மாசத்துல முடிஞ்சிருச்சு. எதெதுக்கு எவ்வளவு போச்சுன்னு ஒரு துண்டுல கூட யாரும் எழுதி வைக்கல. அந்தக் கவலை எனக்கு இன்னமும் இருக்கு. தம்பிக்கு அமெரிக்காவுல ஜிஐ பில்னு படிப்புக் காசு கெடைக்கப் போகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஹட்டன் டவுனுக்குப் போய் கணக்கு எழுத ஒரு சிஆர் கொப்பி வாங்கினேன்.

கதை என்னன்னா, தம்பிக்கு கிரீன் கார்டு லாட்டரி விழுந்து டெக்சாஸ் போனான், கொஞ்ச நாள் ஒரு கடையில வேலை, அப்புறம் 2018ல அங்கத்த ஆமியில சேர்ந்துட்டான். கிரீன் கார்டு இருந்தாலே சேரலாமாம். அம்மா ரெண்டு நாள் சாப்பிடல, ஆமி யூனிபோர்ம்னாலே எங்க வீட்டுல ஐடி கார்ட எடுத்துக்கிட்டு வெளிய வந்து நின்ன ஞாபகம்தான் வரும், அதுக்குள்ள எங்க புள்ளையே நிக்கிறத அவங்களால நெனச்சுப் பாக்க முடியல. நானும் சந்தோஷப்படல, இப்பவும் படிப்புக்காகன்னே யாரையும் ஆமிக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஆனா போயிட்டான். போன புள்ளைக்குச் சேர வேண்டியது ஒரு நாள் கூட வீணாகக் கூடாதுன்னு நெனச்சேன்.

மொதல்ல இந்த ஜிஐ பில்னா என்னன்னு சொல்றேன், இங்க இலங்கையில கெம்பஸ் கெடைச்சா ஃபீஸ் இல்ல, 1945ல இருந்து இலவசக் கல்வி, அதனால நம்ம ஆளுங்களுக்கு இதோட அருமை சட்டுன்னு வெளங்காது. ரெண்டாம் உலகப் போர்ல இருந்து திரும்புற சோல்ஜர்மாருக்காக 1944ல ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. இப்ப நடைமுறையில இருக்கிறது போஸ்ட் 9/11 ஜிஐ பில், 2009 ஆகஸ்ட்ல தொடங்கினது. முழு நேரமா 3 வருஷம் சேவை செஞ்சா 100 வீதம், கொறஞ்சா அதுக்கேத்த மாதிரி எறங்கும், 90 நாள் செஞ்சவங்களுக்கு 50 வீதம். 100 வீதம்னா அரசாங்க யூனிவர்சிட்டியில அந்த மாநிலத்து ஆளுங்களுக்குள்ள ஃபீஸ் முழுசும், வீட்டு வாடகைக்கு மாசாமாசம் காசு, புத்தகத்துக்கு வருஷத்துக்கு 1,000 டொலர் வரைக்கும். தனியார் யூனிவர்சிட்டின்னா வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு எல்லை வச்சிருக்காங்க, அதுக்கு மேல வர்றத யெல்லோ ரிபன்னு ஒரு திட்டத்துல சேர்ந்த இடங்கள் மட்டும் கொஞ்சம் தாங்கும். 2013 ஜனவரியில இருந்து ஆமிய விட்டவங்களுக்குக் காலாவதின்னு ஒன்னு கெடையாது, பத்து வருஷம் கழிச்சும் படிக்கலாம்.

ஆனா இதுல காசு எண்ணக்கூடாதுங்க, மாசம் எண்ணணும். மொத்தம் 36 மாசம். தம்பி மூணு வருஷம்னு நெனச்சுட்டான், நானும் அப்படித்தான் நெனச்சேன், அப்புறம் வாசிச்சுப் பாத்தா லீவு நாள் இந்தக் கணக்குல கழியாது, ஒரு படிப்பு வருஷம்னா சுமாரா 9 மாசம், அப்ப 36 மாசம்ங்கிறது நாலு வருஷ டிகிரிக்கு அளந்து வச்ச மாதிரி சரியா வருது. அளந்து வச்சதுல ஒரு பிடி சிந்தினாலும் கடைசியில பத்தாது.

அவன் ஆமியில இருக்கும்போதே நான் சொன்னது, டேய் அந்த 36ல கை வைக்காத. ஏன்னா சேவையில இருக்கிறவங்களுக்கு டியூஷன் அசிஸ்டன்ஸ்னு தனியா ஒன்னு இருக்கு, ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்த அளக்கிற அலகு அது) 250 டொலர் வரைக்கும் அவங்களே கட்டுறாங்க, அது ஜிஐ பில்ல இருந்து கழியாது. இன்னொன்னு கிளெப் பரீட்சை, க்ளாஸுக்கே போகாம ஒரு பரீட்சை எழுதி பாஸ் பண்ணினா கிரெடிட் தருவாங்க, சேவையில இருக்கிறவங்களுக்கு மொத தடவ எழுதுறது இலவசம். அப்புறம் ஆமியில பெற்ற பயிற்சிய எல்லாம் எழுதி ஒரு டிரான்ஸ்கிரிப்ட் குடுப்பாங்க, ஜொயின்ட் சர்விசஸ் டிரான்ஸ்கிரிப்ட்னு பேரு, அதுக்கும் சில இடத்துல கிரெடிட் கெடைக்கும், கேக்கணும், கேக்காம யாரும் தர மாட்டாங்க. வேலை முடிஞ்சு களைச்சுப் போய் வந்துதான் படிச்சான், ஆனா வெளிய வரும்போது கையில 40 கிரெடிட் இருந்துச்சு. டிகிரிக்கு வேண்டிய 120ல மூணுல ஒரு பங்கு, ஒரு மாசம் கூட செலவாகாம.

2022ல வெளிய வந்தான். இங்க பெற்றோல் வரிசையும் கேஸ் வரிசையுமா நாங்க நின்னுட்டிருந்த வருஷம், எனக்கு அவன் பக்கம் பாக்க நேரமில்ல, டேட்டா போடக் கூட யோசிச்ச காலம். அந்த இடையிலதான் ஒரு ஒன்லைன் கொலேஜ்காரங்க அவனுக்கு நாளுக்கு மூணு தடவ கோல் எடுத்து, தேங்க் யூ ஃபோர் யுவர் சர்விஸ்னு பேசி, நாங்களே ஃபோர்ம் நிரப்புறோம் நீ கையெழுத்த மட்டும் போடுன்னு சேத்துட்டாங்க. ஒரு செமஸ்டர். 4 மாசம் கழிஞ்சிருச்சு. அப்புறம் ஸ்டேட் யூனிவர்சிட்டியில போய் கேட்டா அந்தக் கிரெடிட் ஒன்னையும் எடுக்க மாட்டோம்னுட்டாங்க. அன்னைக்கு அவன் போன்ல அழுதான், நாலு வருஷம் ஆமியில இருந்தப்ப கூட அழாதவன்.

ஏன் இப்படித் தொரத்துறாங்கன்னு அப்புறம்தான் தேடிப் பாத்தேன். லாபத்துக்கு நடத்துற கொலேஜ்கள் தங்களோட வருமானத்துல 90 வீதத்துக்கு மேல அரசாங்க மாணவர் உதவிக் காசா வாங்கக்கூடாதுன்னு ஒரு சட்டம், ஆனா ஆமிக்காரங்களோட ஜிஐ பில் காசு அந்த 90க்குள்ள சேராம மிச்ச 10 பக்கத்துல ரொம்ப காலம் இருந்துச்சு, அதனால ஒரு ஆமிக்காரனப் புடிச்சா அவங்களுக்கு ரெட்டை லாபம். 2021ல சட்டத்த மாத்திட்டாங்க. சட்டம் மாறினாலும் கோல் பண்றது நின்னு போகல. அதனால யாரா இருந்தாலும் மொதல்ல விஏன்னு சொல்ற, ஆமிய விட்டவங்களப் பாக்குற அமெரிக்க அரசாங்க இலாகாவோட வெப்சைட்ல ஜிஐ பில் கம்பாரிசன் டூல்னு இருக்கு, அதுல அந்த எடத்தோட பேரப் போட்டுப் பாருங்க, எத்தனை பேர் முறைப்பாடு செஞ்சிருக்காங்கன்னே காட்டும். அதோட நீங்க கடைசியில முடிக்கப் போற யூனிவர்சிட்டிக்கு எழுதி இந்தக் கிரெடிட்ட எடுப்பீங்களான்னு எழுத்துல வாங்குங்க, வாய்வார்த்தை வேண்டாம்.

அப்புறம் இந்த வீட்டு வாடகைக் காசு. தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு இத ஈசியா வெளங்க வைக்கலாம், நம்ம அரைப்பேர் தெரியும்தானே? கிலோ கொறஞ்சா முழு நாளும் மலையில நின்னும் அரை நாள் வேலைன்னு அரைப்பேர்தான் செக்ரோல்ல, அதாவது தோட்டத்து வரவுப் புத்தகத்துல விழும். இங்கயும் அதே. முழு நேரம்னா 12 கிரெடிட். 6 எடுத்தா சரி பாதி, வாடகைக் காசு ஒரு சதம் கூட வராது, பாதிக்கு மேல இருக்கணும். 7 எடுத்தா 60 வீதம் வரும். ஒரே ஒரு கிரெடிட்ல அவ்வளவு வித்தியாசம். எல்லா க்ளாஸும் ஒன்லைன்னா நாடு முழுக்கவுள்ள சராசரியில பாதிதான் தருவாங்க, ஒரு க்ளாஸுக்காவது நேர்ல போனா கெம்பஸ் இருக்கிற ஊரோட வாடகைக் கணக்குல வரும். தம்பி அந்த ஒன்லைன் கொலேஜ்ல இருந்த 4 மாசமும் அரைப்பேர் வாங்கினவன்தான், அவனுக்கு யாரும் சொல்லல.

லீவு மாசத்துல அந்தக் காசு வராதுங்கிறத மறந்துறாதீங்க. டிசம்பர்ல பாதி, கோடை லீவுல முழுசா நிக்கும். வறட்சியில கொழுந்து கொறஞ்சு வேலை நாள் கொறையுமே, அதுக்கு அம்மா அரிசி மூட்டைய முன்னாடியே வாங்கி வைப்பாங்க, அத மாதிரி செப்டம்பர்ல இருந்தே ஒதுக்கச் சொன்னேன். இன்னொரு விஷயம், ஃபாஃப்சா ஃபோர்ம், அரசாங்கப் படிப்பு உதவி கேட்டு நிரப்புறது. ஜிஐ பில் இருக்கே எதுக்கு அதுன்னு விட்டுட்டான். நான் சண்டை போட்டு நிரப்ப வச்சேன். ஜிஐ பில் காசு அதுல வருமானமா கணக்குக்கு வராது, வருமானம் கொறஞ்சவங்களுக்கு பெல் கிராண்ட் கெடைக்கும், 2023-24ல உச்சத் தொகை 7,395 டொலர், திருப்பிக் கட்டத் தேவையில்ல. கோடை மாச வாடகை அதுல போச்சு.

ரெண்டாவது செமஸ்டர்ல கல்குலஸ் வெளங்கல, க்ளாஸ விட்டுறப் போறேன்னு நின்னான். இடையில விட்டா குடுத்த காசத் திருப்பிக் கேப்பாங்க. ஒரே ஒரு தடவைக்கு 6 கிரெடிட் வரைக்கும் மன்னிப்பு இருக்கு, ஆனா அத நோய் நொடி வந்தா எடுத்துக்கலாம்டா, கல்குலஸுக்கு எடுக்காதன்னு சொல்லிட்டு, நான் பத்தனை கல்வியியல் கல்லூரியில கணிதம் படிச்சவ, காலம்பற அஞ்சரைக்கு எந்திரிச்சு, அங்க ராத்திரி ஏழு மணி, பழைய நோட்ஸ எடுத்து வச்சுக்கிட்டு வட்ஸ்அப் வீடியோவுல சொல்லிக் குடுத்தேன். நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ல கம்பளியப் போத்திக்கிட்டு மூணு மாசம். பி எடுத்தான்.

ஒரு நாள் கேட்டான், அக்கா மிச்சம் வந்தா உன் மகளுக்கு மாத்தி விட முடியுமான்னு. தேடிப் பாத்தோம். புருஷன் பொஞ்சாதிக்கும் சொந்தப் பிள்ளைக்கும் மட்டும்தான், அதுவும் சேவையில இருக்கும்போதே, 6 வருஷம் முடிச்சு இன்னும் 4 வருஷம் இருக்கேன்னு ஒப்புக்கிட்டு எழுதணும். வெளிய வந்தப்புறம் முடியாது. கேட்டானே, அது போதும் எனக்கு. ஆமியில இருக்கிறவங்க யாராவது இத வாசிச்சா, பிள்ளைகள் இருந்தா வெளிய வர்றதுக்கு முன்னாடியே இந்த வேலையப் பாருங்க.

இப்ப கடைசி செமஸ்டர். கொப்பியில நான் போட்ட கணக்குப்படி 8 மாசம் மிஞ்சுது, அத மாஸ்டர்ஸுக்கு வச்சிருக்கோம். கடைசி செமஸ்டர் நடுவுல மாசம் முடிஞ்சு போனா அந்த செமஸ்டர் முடியிற வரைக்கும் அவங்களே நீட்டிக் குடுப்பாங்க, அதனால மாஸ்டர்ஸ்ல ரெண்டாவது செமஸ்டர் தொடங்குறப்ப கொஞ்ச நாளாவது கையில இருக்கணும்னு பிளான் பண்ணிட்டிருக்கோம்.

மாசா மாசம் கடைசியில விஏவுல இருந்து அவன் போனுக்கு ஒரு மெசேஜ் வரும், இன்னும் படிக்கிறியான்னு. தொடர்ந்து ரெண்டு மாசம் பதில் போடலைன்னா வாடகைக் காசு நின்னுரும். நேத்து காலையில தம்பி அத ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பியிருந்தான், யெஸ்னு போட்டுட்டேன்க்கா, கொப்பியில எழுதிருன்னு. எழுதிட்டேன்.