ஹாட்ஜ்கின் சிகிச்சை: ஓடுகிறவர்கள் முதல் நாளே சொல்ல வேண்டியது

ஹாட்ஜ்கின் என்பது நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். நோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனுக்கு முன் போனில் சொன்னது இவ்வளவுதான். முந்தின நாள் ஓடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாலையில் நான் பெங்களூரு கப்பன் பார்க்கில் எட்டு கிலோமீட்டர் ஓடியது ஊசி போடும் அறை வாசலில்தான் பேச்சில் வந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடம்பில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. உழைத்த தசை அதை இழுத்துக்கொண்டால் ஸ்கேன் படிப்பவருக்குக் குழப்பம். அந்தக் கதிரியக்கம் சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது. அடுத்த தேதி ஐந்து நாள் தள்ளித்தான் கிடைத்தது. ஸ்கேனுக்கு முந்தின 24 மணி நேரம் ஓட்டம், ஜிம், சைக்கிள் எதுவும் வேண்டாம்.

அதைவிடப் பெரிய அலைச்சல் மெழுகு பிளாக், அதாவது பயாப்ஸிக்கு எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டை. கழுத்துக் கட்டியை ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது இந்த நோய்க்குப் போதாது. அதை வைத்து டிபி மாத்திரை ஆரம்பித்து மாதக்கணக்கில் போனவர்களும் உண்டு. கட்டியை முழுதாக எடுத்து, சிடி15, சிடி30 என்ற அடையாளப் புரதங்களுக்கான சோதனைகளோடு பயாப்ஸி பார்க்க வேண்டும். அது ஒழுங்காக நடந்தது. கீமோவுக்கு வேறு ஆஸ்பத்திரி போனபோது ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோனதுதான் தப்பு. தங்கள் லேபில் மறுபடி பார்க்காமல் தொடங்க மாட்டோம், ஸ்லைடும் பிளாக்கும் வேண்டும் என்றார்கள். பழைய லேப் கவுன்டரில் இரண்டு நாள் "நாளெ பன்னி", கன்னடத்தில் நாளைக்கு வாருங்கள். மூன்றாவது நாள்தான், டாக்டர் கடிதமும் நோயாளியின் அடையாள அட்டை நகலும் வேண்டும் என்று வாய் திறந்தார் அந்த அம்மா. முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிச்சம். பயாப்ஸி எண் போட்ட கடிதத்தை டிஸ்சார்ஜ் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள். பிளாக்கில் இருக்கும் எண்ணும் கடிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கவுன்டரிலேயே பாருங்கள். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

கீமோ ஏபிவிடி, நான்கு மருந்துகளின் கூட்டு. 28 நாள் ஒரு சுற்று, முதல் நாளும் 15-ஆம் நாளும் மருந்து, ஆறு சுற்றுக்கு 12 தடவை. ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடும், அது பன்னிரண்டரை சுற்று.

இதில் ஓட்டக்காரர் கவனிக்க வேண்டியது ப்ளியோமைசின். நுரையீரலில் தழும்பு உண்டாக்கக் கூடியது. முதல் ஊசிக்கு முன்பே நுரையீரல் சோதனை எடுங்கள். ஊதிக் காட்டுவது மட்டும் போதாது, நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குக் காற்று எவ்வளவு கடக்கிறது என்று அளக்கும் டிஎல்சிஓ வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஓடுகிறவருக்குத் தொடக்க அளவே சராசரிக்கு மேல் இருக்கலாம். அப்படியானால் பிறகு குறைந்தாலும் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றே வரலாம். நமக்கு அது இழப்பு. பழைய எண் கையில் இருந்தால்தான் தெரியும். ரத்தம் குறைந்தாலும் டிஎல்சிஓ இறங்கும், அதனால் ஹீமோகுளோபினும் அன்றே பார்க்க வேண்டும். வறட்டு இருமல் வந்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிடுங்கள். இரண்டு சுற்று முடிந்து பெட் ஸ்கேன் சுத்தமாக வந்தால், முற்றிய நிலையிலும் ப்ளியோமைசினை நிறுத்திவிட்டு மற்ற மூன்றோடு தொடரலாம் என்று 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது. நமக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டதில் அவர் கோபிக்கவில்லை, "ஓடுவீங்களா, முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

நான்கில் இன்னொன்றான டகார்பசின் இறங்கும்போது கை எரியும். வெளிச்சம் படாமல் பாட்டிலுக்குக் கறுப்பு உறை போட்டிருப்பார்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கையில் போட்டால் எரிச்சலைத் தாங்கலாம். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்வார்; இரண்டு செபமாலைக்குள் பாட்டில் காலி. மணி பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குள் போகாதீர்கள், ஆள் குறைந்த நாளில் போங்கள். வேளாங்கண்ணி மொட்டை நேர்ந்திருந்தால் சிகிச்சை முடிந்து, முடி வளர்ந்த பிறகு கொடுக்கலாம், மாதா காத்திருப்பாள். நடுவில் முடி கொட்டினால் டிரிம்மர்தான், சவரக்கத்தி வேண்டாம். சின்ன வெட்டு வழியாகவும் கிருமி புகுந்து காய்ச்சல் வரலாம். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காமல் நேராக அவசரப் பிரிவு.

போட்டிக்குத் திரும்புகிறவர்கள், சிகிச்சைக்காகத் தடை மருந்து எடுக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடா தரும் விதிவிலக்கை மறக்க வேண்டாம். வாந்திக்குப் போடும் டெக்ஸாமெத்தசோன் போட்டிக் காலத்தில் தடை. ரத்தம் ஊற எரித்ரோபொயெட்டின் ஊசி போட்டால் அது எப்போதுமே தடை. பயாப்ஸி ரிப்போர்ட், மருந்துச் சீட்டோடு குறைந்தது 30 நாள் முன்னே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று. பல் டாக்டரோ, எலும்பு ஆபரேஷனோ, மயக்க மருந்து என்றால் ப்ளியோமைசின் போட்டதைச் சொல்ல வேண்டும். அதிக ஆக்சிஜன் கொடுத்தால் வருடங்கள் கழித்தும் நுரையீரல் பாதிக்கலாம். மருந்தின் பெயரும் மொத்த அளவும் எழுதிய சீட்டு என் பர்ஸில், குழந்தை இயேசு படத்துக்குப் பின்னால் இருக்கிறது.