ஜெர்மனியில் ஓபரா படிக்கப் போகிறவர்களுக்கு: நுழைவுத் தேர்வும் அதற்கப்புறமும்

கர்நாடக சங்கீதம் படித்த பெண் மேற்கத்திய இசை நாடகமான ஓபராவுக்குப் போக முடியுமா என்று கேட்கிறவர்கள் அடுத்த மூச்சிலேயே "எவ்வளவு மேலே பாட வரணும்?" என்றும் கேட்கிறார்கள். முடியும், நானும் அந்த வழியில்தான் ஒரு ஜெர்மன் இசைக் கல்லூரிக்குப் போனேன். ஆனால் தேர்வுக் குழு உங்கள் உச்ச ஸ்வரத்தைவிட அதிகம் கவனிப்பது நீங்கள் கொடுக்கும் பாட்டுப் பட்டியலைத்தான். அதைப் பார்த்தாலே இந்தப் பெண்ணுக்குத் தன் சாரீரம் தெரியுமா தெரியாதா என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

19, 20 வயதில் புச்சினியின் 'டோஸ்கா' ஓபராவிலிருந்து ஒரு ஆரியாவை (பாத்திரம் தனியாகப் பாடும் பாட்டு) எடுத்துப் போகாதீர்கள். நன்றாகப் பாடினாலும் அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும், ஏனென்றால் புச்சினியின் ஆர்கெஸ்ட்ரா மேல் மைக் இல்லாமல் நிற்க வேண்டிய பாத்திரம் அது, அந்த வயதுக் குரல் அதற்குத் தயாராக இருக்காது என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். மொட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் வரும் இராக்காலத்து ராணி ஆரியாவும் அப்படித்தான். மேல் எஃப் ஸ்வரத்தை எட்டிவிட்டோம் என்று காட்டப் போய் நடுக்குரல் காலியாக இருப்பதைக் காட்டிவிட்டு வருவார்கள். 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவில் சுசான்னா, 'டான் ஜொவான்னி'யில் செர்லினா, இவர்களுடைய ஆரியாக்களில் ஒன்று, ஒரு பழைய இத்தாலியப் பாட்டு, ஷூபர்ட் அல்லது ஷூமனின் ஜெர்மன் பாட்டு, 20ஆம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்று என்று வையுங்கள். எல்லாம் மனப்பாடமாக. 'மாயப் புல்லாங்குழ'லில் வரும் பாமினாவின் சோக ஆரியா பார்க்க எளிது, பாட எளிதில்லை, அதை நம்பி ஏமாற வேண்டாம்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. கர்நாடக சங்கீதத்தில் சுருதி நம் கையில், ஐந்து கட்டையோ ஐந்தரையோ நமக்கு வசதியானதை வைத்துக்கொள்வோம். ஓபரா ஆரியாவுக்கு இசையமைப்பாளர் எழுதிய இடம்தான் இடம், உங்களுக்காக யாரும் இறக்கித் தரமாட்டார்கள். அப்புறம் நாம் பெரும்பாலும் நெஞ்சுக் குரலிலேயே பாடி வளர்ந்தவர்கள். அதற்கு மேலே இருக்கும் தலைக்குரலை ஏறக்குறைய புதிதாகக் கட்ட வேண்டும். அதுவும் மைக் இல்லாமல் மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி. கத்துவதால் அது நடக்காது. சோப்ரானோ (பெண் குரல்களில் மிக உயர்ந்த வகை) பாடுகிறவர் மேலே போகப் போகத் தாடையைத் திறந்து வாயின் அதிர்வைப் பாடும் ஸ்வரத்தோடு பொருத்துகிறார், அதனால்தான் அதிகம் பலம் செலவழிக்காமல் குரல் பெரிதாகிறது. மேல் ஸ்தாயியில் ஆ, ஏ, ஈ எல்லாம் ஒன்றுபோலக் கேட்பதும் இதனால்தான், அது உச்சரிப்புச் சோம்பல் இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரிடம் கொஞ்ச காலமாவது படித்துவிட்டுத் தேர்வுக்குப் போங்கள். சென்னையிலேயே மேற்கத்திய குரலிசை படிக்க இப்போது இடங்கள் இருக்கின்றன.

தேர்வு நாளைப் பற்றி. முதல் பாட்டு உங்கள் விருப்பம், அடுத்ததைக் குழு கேட்கும். பாதியில் "போதும், நன்றி" என்பார்கள், முகம் வாடக் கூடாது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பியானோ வாசிக்க அங்கேயே ஆள் இருப்பார், ஆனால் உங்கள் இசைப் பிரதியை அவர் அன்றைக்குத்தான் பார்ப்பார். பக்கங்கள் விழாத கோப்பில் வைத்து, வெட்டிய இடங்களையும் மூச்சு எடுக்கும் இடங்களையும் பென்சிலால் தெளிவாகக் குறித்துக் கொடுங்கள். எனக்கு அங்கே கிடைத்த முதல் பாராட்டே அந்தக் கோப்புக்குத்தான், பாட்டுக்கு இல்லை! சில இடங்களில் ஒரு ஜெர்மன் கவிதையையோ நாடக வசனத்தையோ சொல்லச் சொல்வார்கள்.

இசைக் கோட்பாடு, செவிப் பயிற்சி, எளிய பியானோ ஆகியவையும் உண்டு. ஸ்வரங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளைக் கண்டுபிடிப்பதில் ஸ்வர ஞானம் நன்றாகக் கைகொடுக்கும், மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டு வந்தால்தான் நாம் திணறுவோம். அதற்கு ஆறு மாதமாவது ஒதுக்குங்கள்.

பலரும் தவறவிடுவது: தேர்வில் தேறினாலும் இடம் கிடைக்காமல் போகலாம். பாட்டு ஆசிரியரின் வகுப்பில் காலி இருந்தால்தான் சேர முடியும். அதனால் முன்பே ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), ஜெர்மன் மொழிச் சான்றிதழ், முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவுப் பணம் (2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ) எல்லாம் வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை, பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ.

படித்து முடித்த பிறகும் அதே பட்டியல் கதைதான். அரசு மானியத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் அங்கே சுமார் 80 இருக்கின்றன, ஒவ்வொன்றும் குரல் வகை பார்த்துத்தான் ஆள் எடுக்கும். நீங்கள் லிரிக்கா (மென்மையாக நீண்டு ஒலிக்கும் குரல்), கோலராட்டூராவா (வேகமான சங்கதிகளுக்கேற்ற குரல்) என்பது ஐந்து ஆரியாக்களில் தெரிய வேண்டும். வகை மாறவும் செய்யும். நார்வேயின் லிசே டேவிட்சன் மெட்ஸோவாக (சோப்ரானோவுக்கு அடுத்த கீழ்க் குரல் வகை) படிக்க ஆரம்பித்தவர், கோபன்ஹேகனில் ஆசிரியர் சொல்லி சோப்ரானோவானார், 2015இல் ஓபராலியா போட்டியில் வென்றார், இன்று கனமான குரல் வேண்டும் வாக்னரின் ஓபராக்களைப் பாடுகிறார். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டி யெண்டே 16 வயதில் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில்தான் ஓபராவையே முதன்முதலில் கேட்டார். கேப் டவுனில் படித்து, 2009இல் பெல்வெடெரே போட்டியில் வென்று, மிலானின் லா ஸ்காலா அகாடமியில் பயின்று, 2013இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் குறுகிய அவகாசத்தில் ஒரு பாத்திரத்தைக் கற்றுக்கொண்டு மேடையேறினார். நுழையும்போதே தடுக்கி விழுந்தார், எழுந்து பாடினார். போட்டிகளுக்கு வயது வரம்பு உண்டு, ஓபராலியாவுக்கு 32.

எல்லாரும் யெண்டே ஆவதில்லை என்பதால் சாதாரண வாழ்க்கையையும் சொல்கிறேன். அரங்கில் தனிப்பாடகராகச் சேர்ந்தால் ஒப்பந்தம் ஓராண்டோ இரண்டாண்டோ. அடுத்த பருவத்துக்கு வேண்டாம் என்றால் அக்டோபர் 31க்குள் சொல்லிவிட வேண்டும் என்பது விதி, அந்த மாதம் முழுக்க அரங்குகளில் யாருக்கும் சரியாகத் தூக்கம் வராது. கோரஸ் வேலையில் இதைவிட நிம்மதி உண்டு, சம்பளமும் ஒழுங்காக வரும். தோற்றவர்கள் போகிற இடம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள், அதற்கும் தனியாகக் கடுமையான தேர்வு இருக்கிறது, அதற்கென்றே ஆரியாக்களோடு கோரஸ் பகுதிகளையும் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.