வரலாறு ஆப்ஷனல்: வர்ணமும் சங்கமும் கேள்வியில் நான் சறுக்கிய இடம்

குடிமைப் பணிகளுக்கான யுபிஎஸ்சி மெயின்ஸ் தேர்வில் வரலாற்றை ஆப்ஷனலாக (விருப்பப் பாடமாக) எடுத்துத் தமிழில் எழுதியவன் நான். முதல் முறை தயாராகிக்கொண்டிருந்தபோது மாதிரித் தேர்வு ஒன்றில் 20 மார்க் கேள்வி வந்தது: ஆரம்பகால இந்து, பௌத்த சமூகங்களில் சமயத்துக்கும் சமூக அமைப்புக்கும் இருந்த உறவு. அல்வா மாதிரி கேள்வி என்று நினைத்து, தாளின் நடுவே கோடு கிழித்தேன். இடது பக்கம் ரிக் வேதப் பாடலான புருஷ சூக்தம், மனுவின் தர்ம நூல், நால்வர்ணம். வலது பக்கம் புத்தர், அவருடைய துறவிகளின் சங்கம், சமத்துவம். 20க்கு 6 விழுந்தது. திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்தது ஒரே வரி: "இது மேடைப் பேச்சு, சான்று எங்கே?"

கோபம் வந்தது. ஆனால் மூல நூல்களின் மொழிபெயர்ப்புகளை ஒரு வாரம் புரட்டிய பிறகு, 6 போட்டதே தாராளம் என்று தோன்றியது.

முதலில் அக்கஞ்ஞ சுத்தத்தைப் படியுங்கள். பாலி மொழியில் உள்ள புத்தரின் உரைத் தொகுப்பான தீக நிகாயத்தில் 27வது. பிராமணக் குலத்தில் பிறந்து சங்கத்தில் சேர வந்த இரண்டு பேரிடம் புத்தர் சொல்லும் கதை அது. ஆதியில் உமியில்லாத அரிசி தானாக விளைந்தது. காலையில் பறித்தால் மாலைக்குள் மறுபடி விளைந்து நிற்கும். ஒரு சோம்பேறி, வேளைக்கு வேளை போவானேன் என்று இரண்டு வேளைக்கும் சேர்த்து எடுத்து வந்தான். அவனைப் பார்த்து அடுத்தவன் இரண்டு நாளைக்கு எடுத்தான், இன்னொருவன் நான்கு நாளைக்கு. அரிசியில் உமி மூடியது, பறித்த இடத்தில் மறுபடி விளையவில்லை. வயலுக்கு வரப்பு வந்தது, வரப்பு வந்ததும் திருட்டு வந்தது. கடைசியில் எல்லோரும் கூடி ஒருவரைத் தேர்ந்து, விளைச்சலில் பங்கு தருகிறோம், தப்பு செய்பவனைக் கண்டியுங்கள் என்றார்கள். அவர்தான் முதல் அரசர், மகாசம்மதர்.

என் நோட்ஸில் இதைப் 'புத்தர் வர்ணத்தை மறுத்தார்' என்று ஒரே வரியில் எழுதி வைத்திருந்தேன். கதை அப்படிச் சொல்லவில்லை. பிரம்மாவின் வாயிலிருந்து பிறந்தவர்கள் நாங்கள் என்ற உரிமைகோரலைத்தான் அது உடைக்கிறது. நான்கு பிரிவுகளும் அப்படியே இருக்கின்றன, மனிதர்கள் செய்த வேலையிலிருந்து பிறந்தவையாக. வரிசை மட்டும் மாறுகிறது: கத்தியர், அதாவது சத்திரியர், முதலில் வருகிறார். இதை எழுதினாலே விடைக்கு எலும்பு வந்துவிடும்.

சங்கத்தின் கதவும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. புத்தரின் குலமான சாக்கியரின் நாவிதர் உபாலியை அவர்களுக்கு முன்பாகவே துறவியாக்கி, சாக்கிய இளவரசர்கள் அவரை வணங்க வேண்டி வந்தது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் இதைச் சொல்லும் அதே வினய பிடகத்தில், அதாவது சங்கத்தின் விதி நூலில், அடிமை, கடனாளி, அரசனின் படைவீரன் ஆகியோரைச் சேர்க்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. எசமானையும் கடன் கொடுத்தவனையும் அரசனையும் பகைத்துக்கொண்டு பிச்சைப் பாத்திரம் நிறையாது, அவ்வளவுதான். அசோகரும் அடிமைகளையும் பணியாளர்களையும் முறையாக நடத்துங்கள் என்று பொறித்தாரே தவிர, விடுவியுங்கள் என்று பொறிக்கவில்லை.

இடது பக்கத்திலும் இதே கோளாறுதான். நான்கு வர்ணமும் சேர்ந்து வருவது ரிக் வேதத்தில் ஒரே ஒரு பாடலில், அந்தப் புருஷ சூக்தத்தில். அதுவும் காலத்தால் பிந்திய பத்தாம் மண்டலத்தில், சத்திரியர் என்ற சொல் இல்லாமல் 'ராஜன்யர்' என்று. ஆகவே ரிக் வேத காலத்திலேயே வர்ணம் இறுகிவிட்டது என்று எழுதாதீர்கள். மனு சொன்னது எப்படி நடக்க வேண்டும் என்பதை. பத்தாம் அத்தியாயத்தில் கலப்புச் சாதிகளுக்கு அத்தனை நீளப் பட்டியல் போட வேண்டி வந்ததே, ஊர் அவர் சொன்னபடி நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

என் அட்டவணையை முழுசாகக் கிழித்தது நாசிக் குகைக் கல்வெட்டு. தக்காணத்தை ஆண்ட சாதவாகன வம்சத்து அரசி கௌதமி பாலஸ்ரீ, கி.பி. 2ஆம் நூற்றாண்டில், பேரன் புலுமாவியின் 19ஆம் ஆட்சியாண்டில் பொறிக்க வைத்தது. மகன் கௌதமிபுத்ர சாதகர்ணியைப் புகழ்கிறாள்: ஒப்பற்ற பிராமணன், சத்திரியர் செருக்கை அடக்கியவன், நான்கு வர்ணங்கள் கலப்பதைத் தடுத்தவன். சரி, எதற்காக இவ்வளவு புகழ்ச்சி? அந்தக் குகையைப் பௌத்தப் பிக்குகளுக்குத் தானம் கொடுக்கிறாள்! வர்ணக் காவலும் பிக்கு தானமும் ஒரே கல்லில். இதை எந்தப் பக்கம் போடுவீர்கள், இடதா வலதா? வர்ணக் கலப்பைத் தடுத்ததாகச் சொன்ன அந்த வம்சமே பிறகு வெளியிலிருந்து வந்து ஆண்ட சகர் வீட்டில் பெண் எடுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒன்று. கத்தியர், சத்திரியர், க்ஷத்ரியர் என்று பக்கத்துக்குப் பக்கம் மாற்றாதீர்கள். முதல் முறை வரும்போது பாலிச் சொல்லையும் பழகிய சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். 'இந்து' என்று கேள்வியில் இருந்தாலும், அந்தக் காலத்துக்கு 'வைதிக' அல்லது 'பிராமணிய' என்பதே பொருந்தும் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடருங்கள்.

வரைபடக் கேள்விக்கென்று தனியாக இடங்களை மனப்பாடம் செய்கிறோம், இல்லையா? 20 இடம், 50 மார்க். அந்தக் குறிப்புகளையே இங்கேயும் இறக்குங்கள். சாஞ்சி ஸ்தூபியின் தெற்குத் தோரணச் சிற்பத்தைச் செதுக்கியவர்கள் விதிஷாவின் யானைத் தந்தச் சிற்பிகள் என்று அங்கேயே பொறித்திருக்கிறது. பர்ஹுத் ஸ்தூபிச் சிற்பத்தில் வணிகர் அனாதபிண்டிகர் காசுகளைத் தரையில் பரப்பி, புத்தருக்காக ஜேதவனத் தோட்டத்தை வாங்கும் காட்சி இருக்கிறது. வணிகரும் கைவினைஞரும் பௌத்தத்தை ஆதரித்தார்கள் என்று பொதுவாக எழுதுவதற்குப் பதில் இந்த இரண்டையும் எழுதலாம்.

அடுத்த மெயின்ஸில் இதே மாதிரி கேள்விக்கு நாசிக் கல்வெட்டில் தொடங்கி எழுதினேன். அந்த ஒரு விடைக்கு எவ்வளவு விழுந்தது என்று கேட்காதீர்கள், தாளுக்கு மொத்தமாகத்தான் மார்க் சொல்வார்கள். மொத்தம் கூடியிருந்தது. நடுக்கோடு மட்டும் போடவில்லை.