முதல் அமர்வு எதையும் குணப்படுத்தவில்லை

செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் இடையே நடந்த ஒரு சாலை விபத்தில் பட்ட காயங்கள் எல்லாம் ஆறிய பின்னும், காரின் முன் இருக்கையில் என்னால் உட்கார முடியவில்லை. பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்தால் கைகள் சில்லிட்டுப் போகும். நெடுஞ்சாலையில் போக வேண்டிய கல்யாணங்களுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தவிர்த்துவிடுவேன். உளவியல் சிகிச்சைக்குப் போவது என்று முடிவெடுக்க நீண்ட காலம் பிடித்தது. அப்படித் துணிந்து போன முதல் நாளில் எனக்குக் கிடைத்தது ஏமாற்றம்தான். இங்கே எழுத விரும்புவது அந்த ஏமாற்றத்தைப் பற்றியே தவிர, விபத்தைப் பற்றி அல்ல.

அந்த ஒரு மணி நேரத்தின் பெரும்பகுதி கேள்விகளிலேயே கழிந்தது. தூக்கம் எப்படி, வீட்டில் யார் யார், ஏற்கெனவே ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறேனா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா என்று சிகிச்சையாளர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுத்து, கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொரு தொந்தரவும் எந்த அளவுக்கு இருந்தது என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் போடச் சொன்னார். நானாகவே விபத்தை விவரிக்கத் தொடங்கியபோது, சில நிமிடங்கள் கேட்டுவிட்டு, "இதைக் கண்டிப்பா பேசுவோம்மா, ஆனா இன்னைக்கு வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார். யாரிடமும் முழுமையாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே 1,500 ரூபாய் கட்டணம் கட்டிப் போயிருந்த எனக்கு, அது அவமதிப்பாகவே பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "என்னடி, மனசு கொஞ்சமாவது லேசாச்சா?" என்று கேட்டாள். "ஃபார்ம் ஃபில் பண்ணிட்டு வந்திருக்கேன்க்கா" என்றேன். அன்றிரவு, சில வாரங்களாக வராமலிருந்த விபத்துக் கனவு மறுபடியும் வந்தது. பணமும் போய், தூக்கமும் போயிற்றே என்ற எரிச்சலில், அடுத்த வாரத்துக்கு வாங்கியிருந்த அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிடலாமா என்று விடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கேட்டதில் வியப்பில்லை. பயந்துபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசலுக்கு வெளியே நின்று ஓதி ஊதிக்கொண்டு வருவதையும், வேப்பிலை அடித்து விபூதி பூசிவிடுவதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பயத்துக்கு வைத்தியம் பார்த்தால், அன்றிரவே பிள்ளை அயர்ந்து தூங்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஊறிப்போன எதிர்பார்ப்பு. பல குழந்தைகள் தூங்கவும் செய்தார்கள். அதை நான் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் அந்த எதிர்பார்ப்பையே தூக்கிக்கொண்டு உளவியல் சிகிச்சையாளரின் அறைக்குள் போனால், முதல் நாளே மனம் உடைந்துதான் திரும்ப வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்தச் சிகிச்சை முதல் நாளில் வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டதே அல்ல.

ஏன் என்னைப் பேசவிடாமல் நிறுத்தினார் என்ற கோபத்தில்தான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபிரோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய, வாட்டும் நினைவுகளைக் கண் அசைவுகளின் துணையோடு கையாளும் இ.எம்.டி.ஆர். முறையில் எட்டுக் கட்டங்கள் இருக்கின்றன. எல்லோரும் அந்த முறையோடு சேர்த்துப் பேசும் கண் அசைவுப் பயிற்சி நான்காவது கட்டத்தில்தான் வருகிறது. அதற்கு முந்தையவை நோயாளியின் வரலாற்றைக் கேட்பது, அவரைத் தயார்ப்படுத்துவது, எந்த நினைவில் தொடங்குவது என்று முடிவு செய்து மதிப்பிடுவது. உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த, அஞ்சும் நினைவை விலக்காமல் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் முறையிலும், நடந்ததை வாய்விட்டு விவரிப்பது வழக்கமாக மூன்றாவது அமர்வில்தான் தொடங்குகிறது. சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மனவடுவை, அதாவது அதிர்ச்சி மனத்தில் விட்டுச்சென்ற காயத்தை, மையமாகக் கொண்ட சிகிச்சைக்குப் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் என்கிறது. பல விபத்துகளையும் வன்முறைகளையும் அனுபவித்தவர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. ஆக, நான் நிரப்பிய அந்தப் படிவம் சிகிச்சைக்கு முன்னால் எடுக்கப்பட்ட ஓர் அளவு. அந்த எண் இல்லாவிட்டால், பல வாரங்கள் கழித்து நான் தேறியிருக்கிறேனா இல்லையா என்பதை எனக்கோ அவருக்கோ நம்பிக்கையோடு சொல்ல வழியில்லை.

இன்னொன்றும் படித்தேன், அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. விபத்திலோ பேரிடரிலோ சிக்கியவர்களை உடனடியாக உட்காரவைத்து, நடந்ததையும் உணர்ந்ததையும் ஒரே அமர்வில் முழுமையாகச் சொல்லவைத்தால் பின்னாளில் மனவடு ஏற்படாமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கை 1980-களிலும் 1990-களிலும் பரவலாக இருந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், சாலை விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இப்படி ஓர் அமர்வு நடத்தினார்கள், மற்றவர்களுக்கு நடத்தவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களைத் திரும்பப் பார்த்ததன் முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் வெளியாயின. தொடக்கத்தில் கடுமையான அறிகுறிகளோடு இருந்தவர்களில், அந்த அமர்வு இல்லாதவர்கள் தேறியிருந்தார்கள். அமர்வுக்கு உட்பட்டவர்களோ தேறாமல் அப்படியே இருந்தார்கள். அது விபத்து நடந்த கையோடு செய்யப்பட்டது, என் நிலைமை வேறு என்பது எனக்குத் தெரியும். என்றாலும், மனத்தில் இருப்பதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நான் நம்பிக்கொண்டு போனதற்கு எதிரான சான்று, என்னைப் போலவே சாலையில் அடிபட்டவர்களிடமிருந்தே வந்திருந்ததைக் கண்ட பிறகு, என்னை நிறுத்திய சிகிச்சையாளர் மீதிருந்த கோபம் பெருமளவு தணிந்தது.

கனவு திரும்பி வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பி.டி.எஸ்.டி. எனப்படும் இந்த மனவடு நோய் நிலைத்திருப்பதில் தவிர்த்தலுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. நினைவூட்டும் சாலையை, ஓசையை, பேச்சை எல்லாம் ஒதுக்கி வைத்துத்தான் நான் நாள்களை ஓட்டிக்கொண்டிருந்தேன். படிவத்தில் ஒவ்வொரு கேள்வியாகப் படித்து எண் போடுவதே, அப்படி ஒதுக்கி வைத்தவற்றின் பெயர்களை வரிசையாக வாசிப்பதுதான். ஓரிரண்டு இரவுகள் தூக்கம் கெடுவது சிகிச்சை தோற்றுவிட்டதன் அடையாளமல்ல. ஆனால் நாள் கணக்கில் வேலைக்குப் போக முடியாத அளவுக்கோ, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் அளவுக்கோ நிலைமை மோசமானால், அடுத்த அமர்வுவரை காத்திருக்கக் கூடாது. சிகிச்சையாளரை உடனே அழைக்க வேண்டும், அல்லது இந்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

2013-இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க நோய் வகைப்பாடு, "யாரையும் நம்ப முடியாது", "நான் நிரந்தரமாகக் கெட்டுப்போய்விட்டேன்" என்பன போன்ற உறுதியான எண்ணங்களை இந்நோயின் அறிகுறிகளிலேயே சேர்த்திருக்கிறது. "எனக்கெல்லாம் இது பலிக்காது" என்று அன்றிரவு எனக்குத் தோன்றியதில் எவ்வளவு என் தீர்ப்பு, எவ்வளவு நோயின் தீர்ப்பு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்காக, முதல் அமர்வில் ஏற்படும் அதிருப்தி எல்லாமே நோயின் வேலை என்று சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். அது மோசமான சிகிச்சையாளர்களுக்கு வசதியான வாதம். "அதையெல்லாம் மறந்துடுங்க" என்று அறிவுரை சொல்பவர், கர்மவினை என்று விளக்கம் தருபவர், இன்னொரு நோயாளியின் கதையை உங்களிடம் சொல்பவர், எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்று கேட்டால் முகம் சுளிப்பவர் ஆகியோரிடம் இரண்டாவது முறை போக வேண்டிய அவசியமே இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாக்கியிருக்கிறது. சிகிச்சையாளர் தம்மை மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. கவுன்சிலர், அதாவது மனநல ஆலோசகர், என்று பலகை மாட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் ஒரே தகுதி உடையவர்கள் அல்லர்.

என் சிகிச்சையாளர் இவற்றில் எதையும் செய்யவில்லை. ஆகவே அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யாமல் போய், உட்கார்ந்ததும் முதல் வேலையாக, "போன வாரம் எனக்கு ஒண்ணுமே பிரயோஜனப்படல, மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் சங்கடப்படவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "என்ன நடக்கும்னு எதிர்பார்த்து வந்தீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அன்றைய நேரத்தில் பாதி செலவாயிற்று. மீதிப் பாதியில், நெஞ்சு படபடக்கும்போது காலை தரையில் அழுத்தி, அறையில் கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து, எந்த வாரத்தில் என்ன செய்யப் போகிறோம், படிவத்தை மறுபடியும் எப்போது நிரப்புவோம், எந்தக் கட்டத்தில் விபத்தை முழுமையாகப் பேசுவோம் என்று எழுதிக் கொடுத்தார். முதல் நாளே இந்தத் தாளைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். கொடுத்திருக்கலாம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தத் தாளின்படி விபத்தைப் பேசும் வாரம் நெருங்கிவிட்டது. மறுநாள் அலுவலகம் இருக்கக் கூடாது என்பதற்காக அந்த அமர்வை மட்டும் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அக்கா கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வெளியே வந்ததும் எதுவும் கேட்கக் கூடாது என்று இப்போதே அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.