கடையெழு வள்ளல்களும் ஒரு பலாப்பழமும்

மே மாதம் வந்தால் எங்கள் அம்மாவுக்கு ஒரு பெருமை வந்துவிடும். ராத்திரி செய்தியில் எந்தெந்த ஊரில் எவ்வளவு வெயில் என்று பட்டியல் போடும்போது, வேலூர் 107 டிகிரி என்று மேலே நின்றால், "பாத்தியா, நம்மூருதான்" என்று நிமிர்ந்து உட்காருவார். திருத்தணி முந்திவிட்டால் முகம் வாடிவிடும். ஏதோ நம்ம பையன் இரண்டாவது ரேங்க் வாங்கிவிட்டதுபோல் ஒரு வருத்தம்.

பெருமை இருந்தாலும் வெயில் வெயில்தான். சத்துவாச்சாரியில் மாடி வீடு. பதினோரு மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும். அதற்குள் இரண்டு குழந்தைகள். பெரியவளுக்கு ஆறு வயது. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள், கண்ணில் படும் போர்டு எதையும் விடமாட்டாள். சின்னவனுக்கு மூன்று. அவன் எதையும் படிக்கமாட்டான், பிய்ப்பான். லீவு விட்ட கொஞ்ச நாளிலேயே சோபாவின் பஞ்சு வெளியே வந்துவிட்டது. "இதுங்கள எங்கியாவது கூட்டிகினு போடா" என்று அம்மா உத்தரவு போட்டார்.

எங்கே போவது? கோட்டைக்குப் போகலாம் என்றேன். 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த இடம், திப்புவின் குடும்பத்தைக் காவலில் வைத்திருந்த இடம் என்று ஆரம்பித்தேன். "ராஜா இருப்பாரா?" என்று பெரியவள் கேட்டாள். இல்லை என்றதும் கோட்டை முடிந்தது. ஸ்ரீபுரம் தங்கக் கோயில்? நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், சின்னவனை யார் தூக்குவது என்று என் மனைவி கேட்டாள். கேள்வி என்னைப் பார்த்து வந்ததால் அதையும் விட்டுவிட்டேன். அமிர்தியில் இந்த வெயிலுக்கு மிருகங்களே தூங்கும். காவலூர் தொலைநோக்கிக்கு ராத்திரியில் போக வேண்டும். எங்கள் வீட்டு ராத்திரி எட்டரைக்கு முடிந்துவிடும். கடைசியில் என் மச்சான், "மாமா, ஏலகிரி போலாம், என் வேனு சும்மாதான் நிக்கிது" என்றான். ஏழைகளின் ஊட்டி. சரி என்றோம்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக முடிவு. எட்டே காலுக்குக் கிளம்பினோம். இடையில் நடந்ததைச் சொன்னால் தனிப் பதிவாகிவிடும். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளியோதரை, தயிர் சாதம், முறுக்கு, உப்பில் ஊறிய நெல்லிக்காய் ஒரு பாட்டில், இரண்டு செட் துணி, சின்னவன் விடமாட்டேன் என்ற பிளாஸ்டிக் பக்கெட் எல்லாம் ஏறின. கடைசியாக அம்மா ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்தார். என் கல்யாணத்துக்கு வந்தது.

"அக்னி நட்சத்திரத்துல கம்பளியா?"

"மலைடா. குளிரும். உனக்கு இன்னா தெரியும்?"

போர்வையும் ஏறியது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபிறகு, கேஸை மூடினோமா என்று பார்க்க என் மனைவி மறுபடி மாடி ஏறிப் போய் வந்தாள்.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள் "வந்துடுச்சா?" ஆரம்பித்துவிட்டது. நெடுஞ்சாலை பாலாற்றை ஒட்டியே போகிறது. "அதோ பார், பாலாறு" என்று காட்டினேன். பெரியவள் ஜன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "எங்க?" என்றாள். மணலைக் காட்டி அதுதான் என்றேன். அம்மாவுக்குப் பழைய வசனம் ஞாபகம் வந்துவிட்டது. தண்ணி இல்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், இதுதான் வேலூர் என்று பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தார். 1981இல் ஜலகண்டேஸ்வரரைக் கோயிலில் திரும்ப வைத்தாகிவிட்டது, அதனால் கடைசியை எடுத்துவிட வேண்டும் என்றேன். ஆற்றிலும் 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் வெள்ளம் வந்ததே என்று மச்சான் சேர்த்துக்கொண்டான். "ரெண்டும் போச்சுன்னா சொல்றதுக்கு இன்னா இருக்குது?" என்று அம்மா கோபித்துக்கொண்டார்.

ஆம்பூரைத் தாண்டும்போது பிரியாணி வாசனை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றதற்கு மச்சான் பெருமூச்சு விட்டான். வாணியம்பாடி, அப்புறம் பொன்னேரி, அங்கிருந்து மலைப்பாதை.

ஏலகிரிக்குப் போகாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் நம்பர் போட்டு விட்டுவிடாமல் யாரோ தமிழறிந்த அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்: பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் ஒரு பக்கம், கடையெழு வள்ளல்கள் ஒரு பக்கம். காரி ஓரியைக் கொன்றவர் என்பது வரலாறு. இங்கே இருவரும் ஒரே மலையில் சண்டையில்லாமல் ஆளுக்கொரு வளைவு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடசாலை கிடைக்குமா? பாரியின் பெயரைப் பார்த்ததும் முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த கதையைச் சொன்னேன். "அப்புறம் அவர் எப்படி வீட்டுக்குப் போனார்?" என்று பெரியவள் கேட்டாள். நடந்து போயிருப்பார் என்றேன். "வண்டிய ஓட்டினவரு பாவம்" என்றான் மச்சான், அவன் கவலை அவனுக்கு.

அடுத்து ஒரு வளைவு. பெரியவள் போர்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது. கண் விரிந்தது.

"ஆய்!"

வண்டிக்குள் ஒரு விநாடி நிசப்தம். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், மூச்சு வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "ஆய்னு எழுதிக்கீதுப்பா! ரோட்டுல! ஆய்!" சின்னவனுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் இந்த விஷயத்தில் நல்ல ஞானம். அவனும் பக்கெட்டைத் தட்டிக்கொண்டு "ஆய், ஆய்" என்று ஆரம்பித்தான்.

"அப்படிச் சிரிக்கக் கூடாதும்மா. ஆய் அண்டிரன் என்பவர் பொதிகை மலையை ஆண்ட பெரிய வள்ளல். கேட்டவர்களுக்கெல்லாம் யானை யானையாகக் கொடுத்தவர்."

"யானை ஆயா?"

அதற்குமேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்; தோள் மட்டும் குலுங்கியது. பேத்தி தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று அம்மா, "இன்னாடி கண்ணு, ஆயா இங்கதான் கீறேன்" என்று சொல்ல, நிலைமை கை மீறிப் போய்விட்டது. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். சங்க காலத்திலிருந்து இப்படி ஒரு சோதனை எங்களுக்காகக் காத்திருக்கும் என்று யார் கண்டது?

சிரித்து அடங்கட்டும் என்று மச்சான் சின்னவன் கையில் போனைக் கொடுத்தான். மலைப்பாதையில் குழந்தை கையில் போன் கொடுக்கக் கூடாது. வண்டி திரும்புகிறது என்று காதுக்குள் இருக்கிற உறுப்பு சொல்லும். எல்லாம் அசையாமல்தான் இருக்கிறது என்று போனைப் பார்க்கிற கண் சொல்லும். யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் மூளை குழம்பும், வயிறு அதற்குப் பதில் சொல்லும். தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்க வைத்தால் ஓரளவு தாங்கும். இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே சின்னவன் அமைதியாகிவிட்டான். குழந்தை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது எப்பேர்ப்பட்ட அபாய அறிவிப்பு என்று.

அம்மா சட்டென்று நெல்லிக்காய் பாட்டிலைத் திறந்தார். அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான், ஔவை வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் ஔவை கொடுத்தார், பேரன் துப்பினான். "நிறுத்துடா, நிறுத்துடா" என்று கத்தினோம். கொண்டை ஊசி வளைவில் எங்கே நிறுத்துவது? பக்கெட் கைக்கு எட்டவில்லை. கைக்கு எட்டியது ஒன்றே ஒன்றுதான்.

கொஞ்சம் அகலமான இடம் பார்த்து மச்சான் வண்டியை ஓரங்கட்டினான். கீழே இறங்கி, நாசமாகிப் போன கம்பளியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே போர்டு. பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல். அவர் வளைவில் எங்கள் போர்வையும் போயிற்று. நான் இதைச் சொல்லி ரசித்தபோது கூட ரசிக்க ஆளில்லை. சின்னவன் மட்டும் வயிறு லேசாகி, புது மனிதனாக, "இட்லி" என்றான்.

மேலே போனதும் முதல் வேலை போர்வையை அலசியதுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி செல்சியஸ் குறையும் என்பது கணக்கு. வேலூரின் 41இல் ஆறேழைக் கழித்துப் பாருங்கள், கம்பளி கேட்கிற குளிரா வரும்? ஆனால் காற்று நன்றாக இருந்தது, மரநிழல் இருந்தது. அதுவே எங்களுக்குப் போதும்.

புங்கனூர் ஏரியில் படகு. டிக்கெட் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வேலூர்ப் பக்கம், மீதி பெங்களூர்ப் பக்கம். சின்னவனுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வார் இழுத்து விட்டார்கள். தலையும் கால்களும் மட்டும் வெளியே தெரிந்தன. மிதி படகில் மச்சானும் நானும் மிதிமிதி என்று மிதித்தோம். படகு அரைவட்டம் போட்டுக் கரைக்கே திரும்பி வந்தது. நடு ஏரிவரை போனவர்கள் எப்படிப் போனார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

கரையேறியதும் ஜாக்கெட்டைக் கழற்றப் போனால், சின்னவன் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். "என் சொக்கா!" அது படகுக்காரர் மாமாவோட சொக்கா என்று சொல்லிப் பார்த்தோம். ஐஸ்கிரீம் தருவதாகச் சொன்னோம். ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டான், சொக்காவைத் தரவில்லை. படகுத்துறை ஊழியர் நல்ல மனிதர். முதலில் சிரித்தார். அடுத்த கூட்டம் வந்து நின்றதும், "சார், எண்ணிக்கை குறைஞ்சா எங்களக் கேப்பாங்க" என்றார். பிடித்து இழுக்கலாம் என்றால் சின்னவன் போடும் சத்தத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஊரே திரும்பிப் பார்க்கிறது. கரையோரம் உட்கார்ந்து, ஜாக்கெட்டோடு அவனுக்குப் புளியோதரை ஊட்டினாள் என் மனைவி. தண்ணீர் நிறையக் குடித்தான். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. கொஞ்ச நேரத்தில் காலைக் குறுக்கிக்கொண்டு, "ம்மா, மூச்சா" என்றான். சொக்காவோடு போகமுடியாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் யோசித்தான். ரொம்ப நேரம் யோசிக்க முடியவில்லை.

மூன்று மணிக்குக் கிளம்பும்போது சாலையோரக் கடையில் பலாப்பழம் குவித்து வைத்திருந்தார்கள். பழத்தைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பேரம் பேசி, அம்மா ஒன்றை வாங்கினார். சின்னவனைவிடக் கனம். சீட்டுக்கு நடுவே தரையில் வைத்தோம்.

பலாப்பழம் உருளும். 14 வளைவும் கீழிறங்கிக்கொண்டே உருளும். ஔவையார் வளைவில் என் கணுக்காலில் வந்து இடித்தது. கபிலர் வளைவில் மனைவி பக்கம் போனது. கம்பர் வளைவில் திரும்ப என்னிடம். முள் தோல், செருப்பைத் தாண்டிக் குத்துகிறது. "பாத்துடா, பாத்து" என்று அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் பதறினார். என் காலுக்காகத்தான் என்று நெகிழ்ந்துபோனேன். "பழம் அடிபடப் போவுது" என்று அடுத்த வளைவில் முடித்தார். திருவள்ளுவர் வந்தபோது பெரியவள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப்பிறகு உருளவில்லை.

ஆம்பூரில் மச்சானின் விரதம் முடிந்தது. சீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய்க் குழம்பு, வெங்காயத் தயிர்ப் பச்சடி. காலையிலிருந்து வண்டி ஓட்டியவன் என்பதால் அவன் எத்தனை தட்டு சாப்பிட்டான் என்பதை எழுதாமல் விடுகிறேன். சின்னவன் மட்டும் புளியோதரைதான் வேண்டும் என்று அழுதான். இல்லையென்றதும் முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டுத் தூங்கிப்போனான்.

மறுநாள் அம்மா கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை வெட்டினார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு தட்டில் சுளை போட்டுக் கொடுத்தார். அக்கா ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனபடி, "ஏலகிரியில இன்னா கண்ணு பாத்த?" என்று பெரியவளைக் கேட்டார்.

"ஆய் பார்த்தோம் ஆன்ட்டி. ரோட்டுலியே இருந்துச்சு. எங்கப்பா அது யானை யானையா குடுக்கும்னு சொன்னாரு."

அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது ஒரு வள்ளலும்மா, நீ சாப்புடு" என்றார் அம்மா.