தம்பிக்குப் பாதுகாவலர் சான்று வாங்கியது

அப்பா போன பிறகு தம்பியின் பேங்க் கணக்கில் சிக்கல் வந்தது. அவனுக்கு 27 வயது, அறிவுசார் குறைபாடு. கையெழுத்துப் போட வராது. பேங்கில் பாதுகாவலர் சான்று கேட்டார்கள். கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார் ஒரு வக்கீல். அவர் சொன்ன ஃபீஸைக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தம்பி படித்த சிறப்புப் பள்ளியைப் பெற்றோர்களே ஒரு டிரஸ்ட் வைத்து நடத்துகிறார்கள். அங்கே டீச்சரிடம் புலம்பினேன். "கோர்ட்டு எதுக்கும்மா? கலெக்டர் கமிட்டி இருக்கே" என்றார். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்டக் குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். கலெக்டர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூன்று பேர் அதில் இருப்பார்கள். அந்தச் சான்றை பேங்குகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

விண்ணப்பமான 'அ' படிவத்தை டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார். தம்பியின் அடையாள அட்டை, அப்பா அம்மா இறப்புச் சான்றுகள், அண்ணனின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்தோம். சம்மதக் கடிதம் வாங்கத்தான் நாளாயிற்று. குடும்ப விஷயம், அது இங்கே வேண்டாம்.

அப்புறம் குழு சார்பில் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். காப்பி குடித்துவிட்டுப் போகிற விசிட் இல்லை அது. தம்பி எங்கே படுக்கிறான், மாத்திரை யார் கொடுப்பது, நான் ஊரில் இல்லாவிட்டால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டும் பேசினார்கள். எனக்கு முகம் சுருங்கியது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

கூட்டத்தன்று கலெக்டர் ஆபீஸில் காத்திருப்பு நீளும் என்று டீச்சருக்குத் தெரியும். மணி கோக்கும் டப்பாவைக் கொண்டு வந்து தம்பி மடியில் வைத்துவிட்டார். உள்ளே போனதும், "இவங்க யாரு?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் சக்கர நாற்காலியில் இருந்த உறுப்பினர். "அக்கா. திட்டும்" என்றான் தம்பி. கலெக்டரே சிரித்துவிட்டார்.

சான்று வந்தது, பேங்க் வேலையும் முடிந்தது. ஆனால் அதோடு விடுவதில்லை. ஆறு மாதத்துக்குள் அவன் பேரில் உள்ள சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு காட்ட வேண்டும். அவன் செருப்பு வாங்கின பில்லைக்கூட இப்போது பத்திரமாக வைக்கிறேன். நிராமயா என்ற தேசிய அறக்கட்டளையின் மருத்துவக் காப்பீட்டுக்கும் பள்ளியிலேயே விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், முன்கூட்டி உடல் பரிசோதனை எதுவும் கிடையாது.

பெற்றோர் உயிரோடு இருக்கும் வீடுகளிலும், பிள்ளைக்கு 18 முடிந்ததும் இந்தச் சான்றுக்கு மனு போட்டுவிடுவது நல்லது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தேசிய அறக்கட்டளையில் பதிவு பெற்ற அமைப்பு உங்கள் பக்கத்தில் எது என்று கேளுங்கள்.