ஜன்னல் வலை

2022 செப்டம்பர் 14, புதன்

ஐந்து நிமிடம் எழுதுகிறேன், பதினைந்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்கிறேன், அப்புறம் மறுபடி. போன் வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தாயிற்று. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களில் ஓட்டிய டேல் ஜூனியர் இப்படித்தான் போனில் குறிப்பு எழுதி வைத்திருந்தார், எந்தப் பந்தயத்தில் எங்கே மோதினேன், மறுநாள் தலை எப்படி இருந்தது என்று, பல வருடம், யாருக்கும் காட்டாமல். நான் முகம் தெரியாதவர்கள் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வீட்டில் யாரும் இங்கே வருவதில்லை.

இன்று நாலாவது நாள். வலி பரவாயில்லை. வெளிச்சம்தான் ஆகவில்லை.

செப்டம்பர் 15

குளியலறைத் தரை ஓடு நகர்கிறது. நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

அந்தப் பந்தயங்களில் ஓட்டுகிற ஸ்டாக் காரில் திறக்கிற கதவு கிடையாது. ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும், அந்த ஜன்னலுக்குக் குறுக்கே பட்டைப் பட்டையாக ஒரு நாடா வலை கட்டியிருக்கும். சுவரில் மோதி வண்டி நின்றால் உள்ளே இருப்பவர் அந்த வலையை இறக்கிவிட வேண்டும். இறக்கினால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அர்த்தம். இறங்காத வலையைப் பார்த்தால்தான் எல்லாருக்கும் வயிறு கலங்கும்.

நான் சிவப்பு விளக்கில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து வந்தவர் பிரேக் போடவே இல்லை. இறங்கி நின்று போலீஸ்காரரிடம் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அறிக்கையில் எழுதியிருக்கிறது. எனக்கு அது நினைவில் இல்லை. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றும் நானேதான் சொல்லியிருக்கிறேன்.

வலையை இறக்கியது என் கை. தலைக்கு அது தெரியவே தெரியாது.

செப்டம்பர் 21

அலுவலகத்தில் இன்னும் இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள். 'டேக் கேர்' என்று எழுதிவிட்டு அதே கடிதத்தில் எப்போது வருவாய் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். கட்டுப்போட்ட கை என்றால் ஒரே தடவைதான் கேட்டிருப்பார்கள்.

செப்டம்பர் 25, ஞாயிறு

பார்க்கக் கூடாது, கேட்கலாம். ரேடியோவை மெதுவாக வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். டெக்சாஸ் பந்தயம். டயர் வெடித்து வெடித்து ஆளாளுக்குச் சுவரில் போய் விழுகிறார்கள். அலெக்ஸ் போமன், 48ஆம் எண் வண்டி, பின்பக்கமாகப் போய் மோதினார். ஆனாலும் மறுபடி கிளம்பிப் பந்தயத்தை முடித்துவிட்டார்.

பின்பக்கமாக.

செப்டம்பர் 29, வியாழன்

போமன் இந்த வாரம் ஓட்டவில்லை. கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கியதன் அறிகுறிகள் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

இதை இவரிடம் சொன்னேன், 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு குழந்தைக்குத் தலை வாரப் போய்விட்டார். யாரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும், அதனால் இங்கே. 2016இல் ஜூனியரால் ஓட்ட முடியாமல் போனது. ஜூன் மாதம் மிச்சிகனில் ஒரு மோதல், ஜூலை தொடக்கத்தில் டேட்டோனாவில் இன்னொன்று, பார்க்க இரண்டுமே சாதாரணமாகத்தான் இருந்தன, அப்புறம் ஒரு நாள் பார்வையும் நடையும் தடுமாற ஆரம்பித்துவிட்டது. அந்த வருடம் 18 பந்தயங்கள் போயின. அவருடைய 88ஆம் எண் வண்டியை 8 பந்தயங்களில் ஜெஃப் கார்டன் ஓட்டினார், மீதி 10 பந்தயங்களில் ஓட்டிய பையன் யார் என்றால் இந்த அலெக்ஸ் போமன். ஜூனியர் ஓய்வு பெற்றதும் 2018இல் அந்த 88 அவர் கைக்கே வந்தது. இன்னொருவர் தலை சரியில்லாததால் கிடைத்த இருக்கையில் உட்கார்ந்து பெயர் வாங்கியவர், இப்போது அவர் இருக்கையில் வேறொரு பையன் உட்காரப் போகிறான்.

ஜூலையில் போகோனோவில் கர்ட் புஷ்ஷுக்கும் இதே கதைதான். தகுதிச் சுற்றில் பின்பக்கம் சுவரில் அடித்தது, இரண்டு மாதம் தாண்டியும் மனிதர் திரும்பவில்லை. 2004 சாம்பியன் அவர். இந்த வருடம் கொண்டுவந்த புது வண்டியின் பின்பகுதி ரொம்பக் கெட்டி என்று ஓட்டுபவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வண்டி நசுங்க மாட்டேன் என்கிறது, அடி அப்படியே உள்ளே இருப்பவருக்குப் போகிறது. என் வண்டியின் டிக்கி பின்சீட்டு வரை மடிந்துவிட்டது, இன்சூரன்ஸ்காரர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், அப்பளம் மாதிரி. அத்தனை அடியை அது வாங்கிக்கொண்ட பிறகும் எனக்கு இப்படி என்றால்.

செப்டம்பர் 30

புயல் மழை. காற்று மாறினாலே மண்டைக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருக்கிறது. எழுதவில்லை.

அக்டோபர் 2, ஞாயிறு

டலடேகா. 33 டிகிரி சரிவு, அந்தச் சரிவில் மனிதன் நடந்து ஏறுவதே கஷ்டம், இவர்கள் மூன்று வரிசையாக உரசிக்கொண்டு போகிறார்கள். ரேடியோவில் கேட்டாலே எனக்கு வியர்க்கிறது.

பத்து வருடத்துக்கு முன்னால் இதே அக்டோபரில், இதே டலடேகாவில், கடைசிச் சுற்றில் 25 வண்டிகள் ஒன்றோடொன்று மோதின. ஜூனியரும் அதில் ஒருவர். சில நாள் கழித்துத்தான் டாக்டரிடம் போனார், போன பிறகுதான் முதல் விஷயமே வெளியே வந்தது. ஆறு வாரம் முன்பு, ஆகஸ்டில், கன்சாஸில் டயர் சோதனை ஓட்டம். கூட்டம் இல்லை, பரிசு இல்லை. மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் டயர் போய்ச் சுவரில் அடித்திருக்கிறார். ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடம் அவர் சாம்பியன் பட்டத்துக்கான பன்னிரண்டு பேரில் இருந்தார், சொன்னால் இறக்கிவிடுவார்கள். ஆறு வாரம் அந்தத் தலையோடே ஓட்டினார், மேலே இன்னொன்று விழுந்தது.

மார்ச் மாதத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

அக்டோபர் 4, செவ்வாய்

ஆயுத பூஜை. இன்சூரன்ஸ் கொடுத்திருக்கிற வாடகை வண்டிக்குத்தான் பொட்டு வைத்தோம். அப்பா பட்டறையில் லேத்து மெஷினுக்குச் சந்தனம் தெளித்துவிட்டு, அந்த விரலாலேயே எங்கள் மூன்று பேர் நெற்றியிலும் இழுத்துவிடுவார், மெஷின் எண்ணெய் வாசத்தோடு. இன்று நான் குனிந்து டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன், குனிந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பாப்பா வந்து பழத்தை வாங்கிச் சரியாக வைத்தாள். 'வண்டியை எடும்மா, நசுக்கணும்' என்றாள். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், சாவியும் போட்டேன். பின்கண்ணாடியில் எங்கள் வீட்டு வாசல் அசையாமல் நின்றது. அசையாத அந்த வாசல் மேல் கண்ணை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன், கால் பிரேக்கை விட்டு வரவே இல்லை.

கடைசியில் இவர்தான் எடுத்தார். பழம் நசுங்கியது. பாப்பா கைதட்டினாள்.

அக்டோபர் 9, ஞாயிறு

இன்று ரேடியோ தேவைப்படவில்லை. சார்லட் ஸ்பீடுவேயில் பந்தயம், காற்று இந்தப் பக்கம் அடித்தால் சத்தம் வீட்டுக்குள்ளேயே வரும். போன வருடம் வரை அந்தச் சத்தம் கேட்டாலே தோட்டத்துக்கு ஓடுவேன். இன்று தலையணையை இரண்டு காதிலும் வைத்து அழுத்திக்கொண்டு கிடந்தேன், சத்தம் பல்லுக்குள் வந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் கன்னாபோலிஸ் போகலாம் என்று இவரிடம் கேட்டேன், பக்கத்து ஊர்தானே. அழைத்துப் போனார். டேல் ஏர்ன்ஹார்ட்டின் வெண்கலச் சிலை, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அங்கே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் நிம்மதியாக இருக்கும். அது மில் ஊர், துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த ஊர், மில்லை 2003இல் மூடிவிட்டார்கள். நான் கோயம்புத்தூர்க்காரி, சங்குச் சத்தம் நின்றுபோன ஊர் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஏர்ன்ஹார்ட் குடும்பத்தில் தாத்தா ரால்ஃப் மில் வேலையை விட்டுவிட்டு மண் தடத்தில் வண்டி ஓட்டப் போனவர். மகன் டேல் 7 முறை சாம்பியன், 76 வெற்றி. பேரன்தான் ஜூனியர்.

2001 பிப்ரவரி 18, டேட்டோனா 500, கடைசிச் சுற்று, கடைசி வளைவு. டேலுக்கு முன்னால் போன இரண்டு வண்டிகளும் அவருடைய கம்பெனி வண்டிகள்தான், இரண்டாவதில் அவர் மகன். மகன் கோட்டைத் தாண்டும்போது அப்பா பின்னால் சுவரில். 3ஆம் எண் வண்டியின் வலை இறங்கவில்லை. அந்த மோதலை டிவியில் பார்த்தால் பெரிதாகவே தெரியாது, அதுதான் எனக்குத் தாங்காது. ஏடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர், அப்புறம் இவர், ஓராண்டுக்குள் நாலு பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் தலையையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கிற ஹான்ஸ் மாதிரியான பட்டையைக் கட்டாயமாக்கினார்கள், அந்த அக்டோபரில். கழுத்தை அது காப்பாற்றிவிடும். மண்டைக்குள் மூளை ஆடுவதை எந்தப் பட்டையாலும் பிடிக்க முடியாது.

அப்பா இறந்த ஐந்தாவது மாதம் அதே டேட்டோனாவில் மகன் ஜெயித்தார். அந்த வளைவை அன்று எத்தனை தடவை தாண்டியிருப்பார். நான் அந்த சிக்னல் வழியாக இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை, இவர் சுற்றி வளைத்துத்தான் கூட்டிப் போகிறார்.

அக்டோபர் 15, சனி

கர்ட் புஷ் அடுத்த வருடம் முழுநேரம் ஓட்டப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். பிறந்த ஊரான லாஸ் வேகஸிலேயே நின்று சொன்னார். இன்று அவ்வளவுதான்.

அக்டோபர் 19, புதன்

கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, நகத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னார் டாக்டர். எட்டாவது தடவை ஆட்டும்போது நகம் இரண்டானது. ஆனால் போன வாரத்தைவிட மேல் என்கிறார். இருட்டறையில் கிடந்தது போதும், இனிக் கூட்டமான கடைக்குப் போ, எது தலையைச் சுற்ற வைக்கிறதோ அதன் பக்கமே போ என்றார். ஜூனியருக்கும் பிட்ஸ்பர்க்கில் இந்த வழி வைத்தியம்தான் செய்தார்கள். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

போகும்போது கேட்டார், இதற்கு முன்னால் தலையில் அடிபட்டதுண்டா என்று. முதல் நாளும் கேட்டார்.

இல்லை என்றேன்.

அக்டோபர் 21

இந்தியக் கடை. பருப்பு வரிசை. துவரை, பாசி, கடலை, எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே அளவுப் பாக்கெட், நடக்க நடக்க அலை மாதிரி எழுந்து வருகிறது. தள்ளுவண்டியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு பெருங்காயம் வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மூன்றாவது தடவை உளுந்து அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அக்டோபர் 24, தீபாவளி

அம்மாவோடு வீடியோ அழைப்பு. 'ஏன் அம்மிணி கண்ணு இப்படி உள்ளே போயிருக்குது' என்றார். விடிகாலை எண்ணெய் தேய்த்த அசதி என்றேன். அப்பா பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், எதுவும் கேட்கவில்லை. அவருக்கு இரைச்சலை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று தெரியும்.

அக்டோபர் 30, ஞாயிறு

இன்று முதல் தடவையாக டிவியில் பார்த்தேன், கடைசி இருபது நிமிடம். மார்ட்டின்ஸ்வில். அரை மைலை ஒட்டிய குட்டித் தடம், எனக்குப் பிரியமான தடம், எங்கள் ஊர் நரேன் கார்த்திகேயன் 2010இல் டிரக் பந்தயத்துக்கு வந்தபோது முதலில் ஓட்டிய இடம் அது, 13ஆவதாக வந்தார். அந்த வருடம் டிரக் பந்தயத்தில் ரசிகர்களின் அபிமான ஓட்டுநர் என்ற விருதும் அவருக்குத்தான். அப்பா போனில் அதைச் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கடைசிச் சுற்றில் ராஸ் சாஸ்டெய்ன் ஐந்தாவது கியரைப் போட்டு, ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, வண்டியைச் சுவரோடு சாய்த்து உரசிக்கொண்டே இரண்டு வளைவையும் கடந்தார். ஐந்து பேரைத் தாண்டிவிட்டார். பாப்பா சோபாவில் ஏறிக் குதிக்கிறாள், இவர் தலையில் கைவைத்துக்கொண்டு கத்துகிறார், இப்படி ஒன்றை யாருமே பார்த்ததில்லை. நான் பார்த்தது அந்த வலது தோளை. சுவர் விடாமல் அவரை உலுக்கிக்கொண்டே வருகிறது. இறங்கி வந்து சிரித்தார். நாளைக்கு எப்படி எழுந்திருப்பார் என்று யாராவது கேளுங்கள்.

நவம்பர் 4, வெள்ளி

ஐந்து பந்தயங்கள் விட்டுப்போய், போமன் ஞாயிற்றுக்கிழமை பீனிக்ஸில் ஓட்டுகிறார். டாக்டர்கள் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எனக்கும் திங்கள் அனுமதி கிடைக்கலாம், அலுவலகம், வண்டி எல்லாவற்றுக்கும்.

ஜூனியர் 2016 டிசம்பரில் டார்லிங்டன் தடத்தில் தனியாக ஓட்டிக் காட்டி அனுமதி வாங்கினார், 2017இல் இன்னும் ஒரு வருடம் ஓட்டினார், ஏப்ரலிலேயே போதும் என்று சொல்லிவிட்டார். கடைசிப் பந்தயத்தில் 25ஆவது இடம். இந்த ஆகஸ்டில் நார்த் வில்க்ஸ்பரோவில் சின்ன அளவிலான ஒரு பந்தயத்தில் இறங்கினார், மூன்றாவதாக வந்தார், எங்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. தன் மூளையை ஆராய்ச்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்ன மனிதர். அப்படிச் சொன்னபோதும் போனில் இருந்த அந்தக் குறிப்புகள் அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கே தெரியாது என்று நினைக்கும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது.

நவம்பர் 6, ஞாயிறு

பீனிக்ஸ் முடிந்தது. போமன் ஓட்டினார், அது போதும். நான் ஒரே ஒரு வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12. மாடிப்படியில் சலவைக் கூடையோடு வழுக்கி, பின்மண்டை கைப்பிடியில் இடித்தது. வீட்டில் யாரும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது, சலவை யந்திரம் நின்றிருந்தது. அந்த வாரம்தான் அலுவலகத்தில் புதுப் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். அப்புறம் ஒரு மாதம் பாப்பாவின் வகுப்பு டீச்சர் பெயர் வாயில் வரவில்லை, தூக்கம் போதவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

டாக்டருக்கு இதே நாலு வரியை அனுப்பிவிட்டேன். திங்கள் அனுமதி இனிக் கிடைக்காது.

இவர் கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் சத்தம் நின்றதும் இறங்கிப் போக வேண்டும்